கம்பிக்காரர்களின் துணி

கராரா, முதியோர் இல்லம்
11 ஜனவரி 2018, வியாழன்

லீபெரா,

ஒரே கோடையில் இரண்டு போப்புகள் செத்தார்களே, அந்த வருஷத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். மே மாதம் ரோமில் ஒரு காரின் பின்பெட்டியில் முன்னாள் பிரதமர் மோரோவின் உடல் கிடந்தது. ஜூனில் உலகக் கோப்பைக்கு அர்ஜென்டினா போய் நாலாவதாக வந்தோம். ஆகஸ்டில் ஒரு போப், செப்டம்பர் கடைசியில் இன்னொருவர். "இதே வேகத்துல போனா கிறிஸ்துமஸுக்குள்ள ஒருத்தரும் மிச்சமிருக்க மாட்டாங்க"ன்னு வாஸ்கோ பாரில் சொல்லிச் சிரித்தான். அக்டோபரில் மூன்றாவது ஆளைத் தேர்ந்தெடுத்து ரோமில் வெள்ளைப் புகை விட்டார்களே, அந்தத் திங்கட்கிழமை காலையில் மேலே நம் குவாரியிலும் வெள்ளையாக எழுந்தது. அது தூசி. உன் தம்பி ஜெர்மினால் அதற்கு அடியில் கிடந்தான்.

நான் எல்வேசியோ. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். இதை எழுதுவது நெல்லோ. வியாழக்கிழமைதோறும் இங்கே கிழவர்களுக்குச் சவரம் செய்ய வருகிறவன். யுவெந்துஸ் அணியின் ஆள். அது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நல்லவன். இதை எழுத மாட்டேன் என்றான். "எழுதுடா, கூலி தர்றவன் சொல்றேன்" என்றேன். "கூலி இல்லம் குடுக்குது, நீ குடுக்கல" என்றான். ஆனாலும் எழுதிவிட்டான்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் நகராட்சி ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. நாற்பது வருஷக் குத்தகை இந்த வருஷம் முடிகிற குழிகளின் பட்டியல். நெல்லோ வாசித்துக்கொண்டே வந்தான். ஏழாவது பெயர் ஜெர்மினால். மார்ச் மாதம் தோண்டுவார்கள். சொந்தக்காரர் யாராவது வந்தால் எலும்பைச் சின்னப் பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள், சுவரில் ஒரு மாடம் கிடைக்கும். யாரும் வராவிட்டால் பொதுக்குழி. உன் அம்மா போய்விட்டாள். இனி நீ மட்டும்தான். நீ கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தால் உன் சார்பில் நான் போய் நிற்பேன். நிற்க இன்னும் கால் இருக்கிறது.

உன் விலாசத்தைத் தொழிற்சங்க அலுவலகத்தில்தான் வாங்கினேன். ஆதேயோ பதினைந்து வருஷத்துக்கு முன்பே பெல்ஜியத்தில் போய்விட்டான் என்று அங்கேதான் சொன்னார்கள். உனக்கு அனுதாபம் சொல்கிறேன். அவனுக்காகச் சொல்லவில்லை. எண்பது வயதில் பொய் சொன்னால் நாக்கு தடுக்கும். உன் புருஷன் நம் கம்பிக்காரர் துணியைக் கைவிட்டவன். ஜெர்மினால் எதையும் கைவிடவில்லை. அவன் எலும்பு பொதுக்குழிக்குப் போகக்கூடாது.

எல்வேசியோ


செரேன், பெல்ஜியம்
30 ஜனவரி 2018

மதிப்பிற்குரிய எல்வேசியோ அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என் தம்பியை நினைவு வைத்திருப்பதற்கு நன்றி.

நீங்கள் போக வேண்டாம். வேறு யாரும் போகவும் வேண்டாம். பொதுக்குழி என்றால் பொதுக்குழி. எல்லோரோடும் சேர்ந்து கிடப்பதில் ஜெர்மினாலுக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. தனி மாடம், பெயர்ப்பலகை என்பதெல்லாம் அவனுக்குப் பிடிக்காதவை. நகராட்சிக்கு நான் எதுவும் எழுதப் போவதில்லை.

என் கணவரைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதற்கு இந்த வயதில் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த ஊரில் பெரிய மைதானம் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து கத்தல் கேட்கும். இருபத்து நாலு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் அங்கே போகவில்லை. ரேடியோ பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். ரேடியோவைப் போட மாட்டார்.

இத்துடன் இதை முடித்துக்கொள்வோம்.

லீபெரா


கராரா
15 பிப்ரவரி 2018

லீபெரா,

என்னை 'நீங்கள்' என்கிறாய். மேயருக்கு எழுதுகிற மாதிரி இருந்தது. உன் கல்யாணத்தன்று நாற்காலி பற்றாமல் என் மடியில்தான் உன் பாட்டியை உட்கார வைத்தோம். அந்த எல்வேசியோதான் நான். நெல்லோ இரண்டு தடவை வாசித்தான். "இந்தம்மா எதையோ ஒளிக்குது" என்றான். நாவிதர்களுக்கு எல்லோர் மேலும் சந்தேகம்.

பொதுக்குழி ஜெர்மினாலுக்குப் பிடிக்கும் என்கிறாய். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். ஒரே மேசையில் ஆறு வருஷம் குடித்திருக்கிறோம். நம் ஊர்ப் பந்தாட்ட அணிக்குக் கத்துகிற கம்பிக்காரர் குழு, அதன் மேசையில் பதினோரு பேர். சலவைக்கல்லைக் கம்பி வைத்து அறுக்கிறவர்கள், அதனால் அந்தப் பெயர். மைதானத்தில் நமக்குப் பின்னால் ஐந்நூறு பேர் கத்தினாலும் முடிவு எடுப்பது அந்தப் பதினோரு பேர்தான். ஒரு அணிக்கு எத்தனை பேரோ அத்தனை.

துணி உனக்கு நினைவிருக்கும். குவாரித் தார்பாயில் எட்டு மீட்டர், சிவப்பு எழுத்து. 'மலைக்கு எசமான் கிடையாது.' என்ன எழுதியிருக்கிறது என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் வடிவம் தெரியும். ஆதேயோ பிடித்த முனையில் முதல் எழுத்து மூலைமட்டம் மாதிரி. நான் பிடித்த முனையில் கடைசி எழுத்து மூணு பல் சீப்பு மாதிரி. குவாரியிலும் அவன் கம்பிக்கு ஒரு முனை, நான் மறுமுனை. மைதானத்திலும் அப்படியே. காற்று அடித்தால் நடுவில் வயிறு தள்ளும். அவன் அந்தப் பக்கம் இழுப்பான், நான் இந்தப் பக்கம். ஒருவரை ஒருவர் பார்க்காமலே இழுப்போம்.

நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். தீவிர இடதுசாரிகள் மோரோவைக் கொன்ற பிறகு மைதானத்தில் சிவப்பாக எது ஆடினாலும் போலீஸ் படம் எடுத்தது. அணியின் தலைவர் லாத்தான்சி. நம் குவாரிக்கும் முதலாளி அவர்தான். ஆள் அனுப்பினார். "பையன்களா, பந்தாட்டம் பாக்கத்தானே வர்றீங்க. அந்தத் தார்பாயை மடிச்சு வையுங்க. வெளியூர் ஆட்டத்துக்கு ஒரு பஸ் தர்றேன். நீங்க நிக்கிற பக்கம் கூரை போட்டுத் தர்றேன்." ஒரு வெள்ளிக்கிழமை மேசையில் கேட்டோம், மடிக்கலாமா என்று. பத்துக் கை எழுந்தது. என்னுடையதும் ஆதேயோவுடையதும் அதில் இருந்தன. வேண்டாம் என்று ஒரே ஒரு கை. உன் தம்பி.

"பஸ்ல ஏறி எங்கடா போகப் போறீங்க?" என்று கேட்டான். ப்ரிமோ, "மலையில இருந்து கீழ" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

மூன்றாம் நாள் திங்கட்கிழமை. லாத்தான்சியின் கல் அவன் மேல் சரிந்தது.

புதன்கிழமை அவனைத் தூக்கினோம். பாதிரி கிடையாது, வாத்தியம் உண்டு. முன்பக்கம் இடது தோள் என்னுடையது. ரோமோலோ என் காதில், "ஒல்லிப் பயல், இவ்வளவு கனமா?" என்றான். துக்கம் கனக்கும் என்று சொன்னேன். லாத்தான்சி அணியின் நிறத்தில் மலர்வளையம் அனுப்பியிருந்தார். நீ அதைத் திருப்பி அனுப்பினாய். அன்று நீ ஒரு சொட்டு அழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரை ஊர்க்காரர்களோடு ஆட்டம். இப்போது யாருக்கும் பஸ் வேண்டாம், கூரை வேண்டாம். ஜெர்மினாலுக்காகத் துணியைக் கட்டியே ஆக வேண்டும் என்று எல்லோரும். சனிக்கிழமை ஆதேயோவிடம் வந்து கேட்டோம். அவன்தானே காப்பாளன். துணி வைக்கும் பெட்டியைத் திறந்தான். உள்ளே பூச்சி வராமல் இருக்கப் போட்ட பிரிஞ்சி இலைதான் இருந்தது. சந்துப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. அவன் முகம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. நன்றாக நடிக்கிறான் என்று நினைத்தேன்.

மறுநாள் கடற்கரைக்காரர்கள் பாடினார்கள். "கம்பிக்காரன் போர்வை எங்க நாய்க்குப் படுக்கை" என்று தொண்ணூறு நிமிஷமும் பாடினார்கள். யாரும் துணியைக் கண்ணால் பார்க்கவில்லை. பாட்டு போதுமாக இருந்தது. துணி எதிரி கைக்குப் போன குழு கலைந்துவிட வேண்டும். அந்தப் பெயரை இனி எவனும் எடுக்கக்கூடாது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் இத்தாலியில் மைதானத்துக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை கலைந்தோம். பெட்டிச் சாவி உன் புருஷன் கழுத்தில் மட்டும்தான் தொங்கியது என்று எழுந்து சொன்னவன் நான். லாத்தான்சிக்குக் கொடுத்தானோ, கடற்கரைக்காரனுக்குக் கொடுத்தானோ, கொடுத்தவன் அவன் என்றேன். மேசையில் மிச்சமிருந்த ஒன்பது கையும் எழுந்தது.

அதற்குப் பிறகு அவன் பாருக்குள் வந்தால் நாங்கள் ஒவ்வொருவரும் குவளையைக் கவிழ்த்து வைத்தோம். அவனோடு குடிப்பதில்லை என்று அர்த்தம். வசந்தத்தில் நீங்கள் ஊரை விட்டுப் போகும் முன் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தான். என் மேசைக்கு முன்னால் நின்றான். கவிழ்த்தேன்.

இதையெல்லாம் எழுதக் காரணம், ஜெர்மினால் ஒருவன்தான் அந்த மேசையில் நேராக நின்றவன். அவனைத் தோண்டும்போது நான் அங்கே இருப்பேன். மார்ச் 20, செவ்வாய்க்கிழமை காலை. நீ எழுதிக் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி. உள்ளே விடாவிட்டால் சுவருக்கு வெளியே நிற்பேன். சுவர் குட்டை.

எல்வேசியோ


செரேன்
2 மார்ச் 2018

எல்வேசியோ,

நெல்லோ இதை வாசிக்கும்போது அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. நெல்லோ ஐயா, உங்களை எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் சொன்னது சரி.

நீ சுவருக்கு வெளியே நிற்பேன் என்று எழுதியதைப் படித்து மூன்று நாள் தூங்கவில்லை. நீ நிற்பாய். உன்னை எனக்குத் தெரியும். அங்கே நின்று, ஒன்றும் புரியாமல், குழியிலிருந்து வருவதைப் பார்ப்பாய். அப்படிப் பார்க்கக் கூடாது. அதனால் நானே சொல்கிறேன்.

துணி ஜெர்மினாலோடு இருக்கிறது.

அந்தப் புதன்கிழமை காலையில் ஆதேயோ சங்கத்துக்குப் போயிருந்தார், வாத்தியக்காரர்களுக்குச் சொல்ல. சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் முகம் கழுவுவார். அன்று அவசரத்தில் திரும்ப எடுத்து மாட்டிக்கொள்ளவில்லை. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அவனைச் சவப்பெட்டியில் வைக்க வேண்டும். அவன் உடம்பு எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்லை நகர்த்தியவர்களில் நீயும் ஒருவன். அம்மா படுக்கை விரிப்பைத் தேடினாள். நான் துணிப் பெட்டியைத் திறந்தேன்.

ஏன் என்று கேட்பாய். வெள்ளிக்கிழமை ஆதேயோ வீட்டுக்கு வந்து, "பஸ் கிடைக்கும் லீபெரா, இனிமே வெளியூருக்கு மழையில லாரில போக வேணாம்" என்றார். சந்தோஷமாகச் சொன்னார். பின்னாலேயே ஜெர்மினால் வந்தான். சூப்பைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். "பத்துப் பேர் அக்கா" என்றான். "பத்துப் பேரும் ஒரு பஸ்ஸுக்கு." அவன் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அந்தத் துணியை நீங்கள் மடிக்கப் போகிறீர்கள் என்றால் அது யாருக்குச் சொந்தம்? மடிக்க மாட்டேன் என்றவனுக்கு. நான்கு மடிப்பாகப் போட்டுச் சவப்பெட்டிக்குள் விரித்தேன். இரண்டு முனையும் அவன் காலடியில் வரும்படி வைத்தேன். அவனைக் கிடத்தி மேலே வெள்ளை விரிப்பைப் போர்த்தினோம். துணிப் பெட்டியை மறுபடி பூட்டினேன். ஜன்னலை நான் திறக்கவில்லை, எல்வேசியோ. அது எப்போதும் சரியாகச் சாத்தாத ஜன்னல்.

ரோமோலோ கனம் என்று சொன்னான் அல்லவா. அது நீங்கள் மடித்த துணியின் கனம்.

சனிக்கிழமை நீங்கள் வந்து கேட்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. வந்து நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வேண்டுமா என்று நினைத்தேன். ஒரு வாரம் தவிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பாடினார்கள். செவ்வாய்க்கிழமை நீ எழுந்து நின்றாய். அதற்குப் பிறகு சொன்னால் குழியைத் தோண்டுவீர்கள் என்று பயந்தேன். உங்கள் குழுவின் ரெமோ தோண்டியிருப்பான். இல்லை என்று சொல்.

ஆதேயோவிடமும் நான் சொல்லவில்லை.

இதைத்தான் எழுத முடியாமல் இருந்தேன். அவரும் கை தூக்கியவர்தானே என்று முதலில் ஒரு கோபம். பிறகு பெல்ஜியம், உருக்காலை, இரண்டு பிள்ளைகள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க விரிப்புகளை மடிப்பேன். ஒவ்வொன்றையும் மடிக்கும்போது இன்று சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். வீட்டுக்கு வந்தால் அவர் படுக்கப் போகும் முன் ஜன்னல் ஜன்னலாகக் கொக்கியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்தாவது மாடி. அங்கே யார் ஏறி வருவார்கள்? நான் பார்த்துக்கொண்டே நிற்பேன். சாகிற வாரம்கூட என்னைக் கூப்பிட்டு, "அந்தச் சந்து ஜன்னலை நான் சாத்தலையோ?" என்று கேட்டார். "சாத்தினீங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அனுமதிக் கடிதம் இதோடு இருக்கிறது. போ. பார். நீங்கள் ஒன்பது பேர் கை தூக்கினீர்கள். உயிரோடு இருக்கும் ஒவ்வொருவரிடமும் போய் ஆதேயோ என்ன செய்யவில்லை என்று சொல். என் பெயரையும் சொல். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

லீபெரா


கராரா
8 மார்ச் 2018

லீபெரா,

நெல்லோ வாசித்தான். சவரம் பாதியில் நின்றுவிட்டது. ஒரு கன்னத்தில் சோப்பு காய்ந்துவிட்டது.

இப்போது என்னால் பேச முடியாது. அனுமதிக் கடிதம் கிடைத்தது.

எல்வேசியோ


செரேன்
17 மார்ச் 2018

எல்வேசியோ,

உன் இரண்டு வரி வந்த நாளிலிருந்து தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திட்டு. நெல்லோ எழுத மறுத்தாலும் எழுதச் சொல்லித் திட்டு. சும்மா இருக்காதே. இந்த வீட்டில் சும்மா இருப்பதைப் போதுமான அளவு கேட்டுவிட்டேன்.

பிள்ளைகள் இருவரும் பிரெஞ்சில்தான் பேசுகிறார்கள். மூத்தவன் நேற்று வந்தபோது இதைச் சொல்லப் பார்த்தேன். "ஒரு துணிக்காகவாம்மா?" என்று கேட்டான். இது என்ன துணி என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இன்னும் எத்தனை பேர்?

செவ்வாய்க்கிழமை குளிராக இருக்கும். கழுத்தை மூடிக்கொண்டு போ.

லீபெரா


கராரா
29 மார்ச் 2018, வியாழன்

லீபெரா,

உன்மேல் கோபம் இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை. இரவு உணவுக்குக் கீழே இறங்காமல் நாலு நாள் அறையிலேயே கிடந்தேன். இல்லத்துக்காரி டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் நாடி பார்த்துவிட்டு, "இந்தாளுக்கு வியாதி இல்ல, வீம்பு" என்றார்.

ரெமோவைப் பற்றி நீ சொன்னது சரிதான். தோண்டியிருப்பான். மண்வெட்டியை நானே கொடுத்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை நெல்லோ காரில் கூட்டிப் போனான். கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான். இரவெல்லாம் மழை பெய்து மேலே மலை கழுவிவிட்ட மாதிரி இருந்தது. தோண்டுகிறவன் இலிர் என்று ஓர் அல்பேனியன். நல்ல கைக்காரன். மண்ணை எடுத்தவிதத்தைப் பார்த்தே தெரிந்தது, குவாரியில் வேலை செய்தவன் என்று. கேட்டேன். எட்டு வருஷமாம். விரலைக் காட்டினான், இரண்டு இல்லை. மரப்பெட்டி மண்ணாகியிருந்தது. முதலில் பூட்ஸ் வந்தது. ஆணி அடித்த குவாரி பூட்ஸ், இன்னும் ஒரு ஆளுக்கு ஆகும். பிறகு காலடியில் கறுப்பாக ஏதோ.

"பெரியவரே, துணியும் மரமும் எரிக்கப் போகணும். விதி அப்படி" என்றான் இலிர்.

"அது துணி இல்ல, அவன் சட்டை" என்றேன்.

"தார் பூசின சட்டையா?"

"அவன் குளிர் தாங்க மாட்டான்."

இலிர் என்னைப் பார்த்தான், நெல்லோவைப் பார்த்தான். "சட்டைன்னா எரிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி சிகரெட் பற்றவைத்தான்.

உடம்பு கிடந்த இடத்தில் துணி மண்ணோடு மண். மேலே போர்த்திய வெள்ளை விரிப்பும் இல்லை. காலடியில் நீ மடித்து வைத்த இரண்டு முனை மட்டும் இருந்தன, தார் இருந்ததால். நெல்லோ குழாயடியில் தண்ணீர் விட்டான். சிவப்பு பழுப்பாகியிருந்தது. முதலில் மூலைமட்டம் வந்தது. பிறகு மற்றதைக் கழுவினான். மூணு பல் சீப்பு. என் வாழ்நாளில் நான் படித்தது அந்த ஒரு எழுத்துதான், லீபெரா. உடனே படித்துவிட்டேன். கொடி கட்டும் கயிற்றுக்கு ஓட்டை போட்டேனே, அந்தப் பித்தளை வளையம்கூட இருந்தது. அதில் விரலை விட்டேன். எனக்கு எதிரே யாரோ இழுக்கிற மாதிரி இருந்தது. நான் பிடித்துக்கொண்டு நின்றேன். நெல்லோதான், "விடுங்க, உக்காருங்க" என்றான்.

எலும்பைப் பெட்டியில் அடுக்கினோம். சுவரில் மாடம் கிடைத்தது, மூன்றாவது வரிசை, மலையைப் பார்த்த பக்கம். என் முனை அவனோடு உள்ளே போய்விட்டது. அவனுக்கு அது தேவைப்படும் என்பதால் அல்ல. இனி அதை எங்கே கட்ட? ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு ஒரு நடை போய்க் கேட்டேன். துணி கொண்டுவர ஏழு நாள் முன்னால் மனுப் போட வேண்டுமாம். அளவு, நிறம், என்ன எழுதியிருக்கிறது, யார் பொறுப்பு. வாசலில் நின்ற காவலாளி, "என்ன எழுதியிருக்கு தாத்தா?" என்று கேட்டான். "படிக்கத் தெரியாது" என்றேன். உள்ளே போகாமல் வந்துவிட்டேன். நாம் நின்ற பக்கத்தில் இன்னும் கூரை கிடையாது.

ஆதேயோ பிடித்த முனை இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. நெல்லோ காயவைத்துக் கொடுத்தான். மடித்து வைக்காதே. எடுத்துக்கொண்டு அவன் கிடக்கிற இடத்துக்குப் போ. நான் எல்லோரிடமும் சொல்லலாம், அவனிடம் நீதான் சொல்ல வேண்டும். ஜன்னலைப் பற்றி முதலில் சொல். அதைத்தான் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் திட்டினால் வாங்கிக்கொள். பிறகு என் பெயரைச் சொல்லி, சொல்லிக்கொள்ள வந்தவனுக்கு நான் முகம் கொடுக்கவில்லை, அது என் தப்பு என்று சொல். அவனுக்கு இதை நான் நேரில் சொல்லியிருக்க வேண்டும். ரயில் இருந்தது. இருபத்து நாலு வருஷமும் ரயில் இருந்தது.

இனி உன் வேலை. கை தூக்கிய ஒவ்வொருவரிடமும் சொல் என்றாய். அன்று மாடத்தை மூடிய பிறகு நெல்லோவின் தோளைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாகப் போனேன். அவன் பெயரை வாசிப்பான், நான் நிற்பேன், சொல்வேன்.

முதலில் அல்சிதே. நீங்கள் ஊரை விட்ட வருஷமே மேலே குவாரியில் கம்பி அறுந்து செத்தவன். அவனிடம் சத்தமாகச் சொன்னேன், அவனுக்குக் காது மந்தம். வாஸ்கோ, ஈரல் கெட்டுப் போனவன். அவன் சொன்ன போப் கணக்கு தப்பிவிட்டது என்று அதையும் சேர்த்துச் சொன்னேன். ரிபெல்லே, கோயில் பக்கமே போகாதவன், பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்குச் செத்தான். வெட்கத்தில் என்று எல்லோரும் சொன்னார்கள். ப்ரிமோ, பஸ் ஜோக் சொன்னவன், தூசி நுரையீரல், ஆறு வருஷம் இருமினான். ரோமோலோவும் ரெமோவும் பக்கத்துப் பக்கத்து மாடம். ரோமோலோவிடம், "அன்னைக்குக் கனம்னு சொன்னியே, நீ சொன்னதுதான் சரி" என்றேன். ரெமோ எதையும் நம்ப மாட்டான், அவனுக்குப் பித்தளை வளையத்தைப் பற்றிச் சொன்னேன். துல்லியோ கடைசிக் காலத்தில் கடற்கரை ஊரில் மகள் வீட்டில் இருந்தவன்; அங்கேயே சில பழைய ஆட்களைக் கேட்டானாம். "அப்படி ஒரு துணியை நாங்க கண்ணால பாத்ததே இல்ல, சும்மா பாடினோம்" என்றார்களாம். வந்து என்னிடம் சொன்னான். இருபது வருஷம் முன்பு. நான் அவனைப் பொய்யன் என்றேன். அவன் மாடத்துக்கு முன்னால் தொப்பியைக் கழற்றினேன். ஒத்தெல்லோ போன நவம்பரில், உலகக் கோப்பைக்கு நாம் போகவில்லை என்று தெரிந்த மறுநாள் காலை. இன்னும் பலகை போடவில்லை. சாக்பீஸில் எழுதியிருந்தது.

எல்லோரிடமும் அதையேதான் சொன்னேன். "ஆதேயோ விக்கல. தொலைக்கவும் இல்ல. துணி கடைசிவரை நம்மகிட்டதான் இருந்துச்சு. கலைஞ்சிருக்க வேண்டாம்." எட்டுத் தடவை. நெல்லோ கடைசியில் மூக்கைச் சிந்தினான். யுவெந்துஸ் ஆளுக்கு இதில் என்ன என்று கேட்டேன். "குளிரு" என்றான்.

ஒன்பதாவது ஆளிடம் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. இந்த இல்லத்தில்தான் இருக்கிறான், இரண்டாம் மாடி, மலை தெரிகிற ஜன்னல். சவரம் ஆன முகத்தோடு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டேன். இரண்டு குவளை வைத்தேன், இரண்டையும் நிமிர்த்தி. மற்றவர்களிடம் சொன்னதையே சொன்னேன். அவன் எதிர் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உயிரோடு இருக்கும் ஒவ்வொருவரிடமும் சொல் என்றாய். ஒருவன்தான். அவன் பெயர் கீழே.

எல்வேசியோ